கார்டு பேசாது, டிரைவர்தான் பேசும்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், "கேம் திறக்க மறுக்கிறது, சாப்ட்வேர் திறக்க மறுக்கிறது என்பவர்கள் திரையில் வரும் வாசகத்தை அப்படியே எழுதி அனுப்புங்கள்" என்று கேட்டிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றி வருகின்றன: கிராபிக்ஸ் கார்டால் என்ன முடியும் என்று டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) சாப்ட்வேரிடம் சொல்லும் பதில். அதனால் இந்த முறை முழுவதும் அதற்கே.

கேள்வி: செகண்ட் ஹேண்டில் ஒரு லேப்டாப் வாங்கினேன் சார். இன்டெல் எச்டி 3000 கிராபிக்ஸ். விண்டோஸில் ஒரு 3டி சாப்ட்வேரைத் திறந்தால் "ஓப்பன்ஜிஎல் 3.3 தேவை, உங்களிடம் இருப்பது 3.1" என்று சொல்லி மூடிக்கொள்கிறது. என் வகுப்புத் தோழனிடமும் அதே மாடல்தான், அவன் லினக்ஸ் போட்டிருக்கிறான், அவனுக்குத் திறக்கிறது. ஒரே சிப்புக்கு எப்படி இரண்டு வெர்ஷன்? (கட்டடக்கலை மாணவர்)

உங்கள் சிப்பில் ஒரு குறையும் இல்லை. அதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் இந்த வாசகத்தைப் பார்த்துவிட்டு லேப்டாப்பையே மாற்றியவர்கள் எனக்குத் தெரிந்து மூன்று பேர் இருக்கிறார்கள்.

சாப்ட்வேர் சிப்பிடம் போய் "உனக்கு எந்த வெர்ஷன் தெரியும்" என்று கேட்பதே இல்லை. ஓப்பன்ஜிஎல் 3.3 என்பது சிலிக்கானில் பொறித்த எண் கிடையாது. இந்தந்த வேலைகள் கேட்டால் செய்து தரப்படும், இந்தந்த விதமாகச் செய்து தரப்படும் என்று க்ரோனோஸ் என்ற கூட்டமைப்பு எழுதி வெளியிட்ட ஒப்பந்தம் அது. அதில் கையெழுத்துப் போடுவது டிரைவர். உங்கள் சாப்ட்வேர் திறந்தவுடன் முதலில் ஒரு கான்டெக்ஸ்ட் (வரைவதற்கான வேலைச்சூழல்) உருவாக்கிக்கொள்கிறது, அப்புறம் ஜிஎல் கெட் ஸ்ட்ரிங் என்ற பங்ஷனைக் கூப்பிட்டு தயாரிப்பாளர் பெயர், வரையும் சாதனத்தின் பெயர், வெர்ஷன் என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறது, டிரைவர் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுத்தைத் திருப்பித் தருகிறது. அந்த வெர்ஷன் வரியின் தொடக்கத்தில் இருக்கும் எண்ணைத்தான் சாப்ட்வேர் தன் 3.3 உடன் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்துகிறது.

இதில் ஒரு கறாரான விதி உண்டு. 3.3 என்று சொல்ல வேண்டுமானால் அந்த ஆவணத்தில் இருக்கும் ஒவ்வொரு அம்சமும் டிரைவரில் இருந்தாக வேண்டும், இருபதில் பத்தொன்பது இருக்கிறது என்பதற்கெல்லாம் மதிப்பெண் இல்லை. 2011இல் வந்த உங்கள் சிப்புக்கு இன்டெல் எழுதிய விண்டோஸ் டிரைவர் 3.1இல் நின்றுவிட்டது. லினக்ஸில் மெசா என்ற திறமூல டிரைவர் தொகுப்பை எழுதுகிறவர்கள் அதே சிப்பை விடாமல் தொடர்ந்து வேலை பார்த்து 3.3 வரை கொண்டுபோய்விட்டார்கள். உங்கள் தோழன் கையில் இருப்பது அந்த உழைப்பு.

எனக்கு இதில் ஒரு ஆதங்கம் உண்டு. 3.1 என்று சொல்லும் டிரைவரிடமும் 3.2, 3.3இன் அம்சங்களில் சில எக்ஸ்டென்ஷன் என்ற பெயரில் தனித்தனியாக இருக்கலாம். தனக்கு உண்மையில் தேவைப்படும் ஐந்தாறு அம்சங்களை மட்டும் பெயர் சொல்லிக் கேட்டுப் பார்க்கும் சாப்ட்வேர் பழைய இயந்திரங்களிலும் ஓடக்கூடும். வெறும் எண்ணைப் பார்த்து முடிவெடுப்பது எழுதுகிறவருக்குச் சுலபம், பழைய இயந்திரம் வைத்திருக்கும் மாணவருக்குத்தான் நஷ்டம்.

நீங்கள் செய்ய வேண்டியது: இருக்கும் விண்டோஸைத் தொடாமல் ஒரு பென் டிரைவில் இருந்து லினக்ஸை ஏற்றி, டெர்மினலில் ஜிஎல்எக்ஸ் இன்ஃபோ கட்டளையை ஓட்டுங்கள். அது ஒன்றுக்கு இரண்டாக வெர்ஷன் காட்டும், குழம்ப வேண்டாம். ஒன்று கோர் புரொபைல், அதாவது பழைய பங்ஷன்களையெல்லாம் கழித்துவிட்டு வரும் கான்டெக்ஸ்ட். இன்னொன்று பழையதையும் சேர்த்து வைத்திருக்கும் கம்பாட்டிபிலிட்டி கான்டெக்ஸ்ட். பழைய மெசாவில் உங்கள் சிப்புக்கு கோர் 3.3 என்றும் மற்றது 3.0 என்றும் வரும். இரண்டுமே உண்மை, கேட்ட விதம்தான் வேறு. மேக்கில் இது இன்னும் பளிச்சென்று தெரியும்: ஒன்றும் குறிப்பிடாமல் கான்டெக்ஸ்ட் கேட்டால் 2.1 கிடைக்கும், கோர் வேண்டும் என்று கேட்டால் அதே மேக் 4.1 வரை தரும்.

கேள்வி: மேலே உள்ளதைப் போன்ற சிக்கலுக்கு, மெசாவில் வெர்ஷன் எண்ணை நாமே மாற்றிச் சொல்ல வைக்கலாம் என்கிறார்களே? (லினக்ஸ் பயன்படுத்தும் வாசகர்)

வைக்கலாம். மெசா ஜிஎல் வெர்ஷன் ஓவர்ரைடு என்ற சூழல் மாறியில் (சாப்ட்வேரைத் திறக்கும் முன் குறித்துவைக்கும் ஒரு அமைப்பு) 3.3 என்று எழுதிவிட்டு சாப்ட்வேரைத் திறந்தால், டிரைவர் 3.3 என்றே பதில் சொல்லும். சொல்வது மட்டும்தான் மாறும், இல்லாத அம்சம் வந்து சேராது. சாப்ட்வேர் அந்த அம்சத்தைத் தொடாதவரை நன்றாக ஓடும். தொட்ட கணத்தில் படம் கலைந்துபோகலாம், அல்லது அப்படியே மூடிக்கொள்ளலாம். சோதித்துப் பார்க்க நல்ல வழி, மறுநாள் சமர்ப்பிக்க வேண்டிய புராஜெக்டை இதை நம்பித் திறக்காதீர்கள்.

கேள்வி: ஆல்பம் டிசைன் செய்யப் புதிதாக கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்தேன். நல்ல கார்டு போட்டிருக்கிறேன். ஆனாலும் சாப்ட்வேரின் தகவல் பக்கத்தில் "ஜிடிஐ ஜெனரிக், மைக்ரோசாப்ட் கார்ப்பரேஷன், 1.1.0" என்று இருக்கிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? (போட்டோ ஸ்டுடியோ வைத்திருப்பவர்)

கடைக்காரரைச் சந்தேகப்படுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். ஜிடிஐ ஜெனரிக் என்ற பெயரில் எந்த கார்டும் உலகத்தில் இல்லை. விண்டோஸோடு கூடவே வரும் ஓப்பன்ஜிஎல்32 என்ற டிஎல்எல் கோப்பு (சாப்ட்வேர்கள் பகிர்ந்துகொள்ளும் நிரல் லைப்ரரி), கார்டு தயாரிப்பாளரின் டிரைவர் கிடைக்காதபோது தானே பிராசஸரை வைத்து வரைந்து கொடுக்கும், அப்போது தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் பெயர்தான் அது. அதற்குத் தெரிந்தது 1.1 மட்டும், அதாவது 1997இல் வந்த ஒப்பந்தம். அதற்குப் பிறகு வந்த எதுவாக இருந்தாலும் தயாரிப்பாளரின் டிஎல்எல் ஏறினால்தான் கிடைக்கும். அந்த டிஎல்எல் எங்கே இருக்கிறது என்பதை டிரைவர் இன்ஸ்டால் ஆகும்போது ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் இடம்) எழுதி வைக்கும், விண்டோஸ் அதைப் பார்த்துதான் ஏற்றும்.

என் சித்தப்பா மகன் வீட்டில் இதே கதை நடந்தது. எட்டு மாதமாக வீடியோ எடிட்டிங் ஆமை வேகத்தில் ஓடுகிறது என்று புலம்பிக்கொண்டிருந்தான். நான் போய் டிவைஸ் மேனேஜரைத் திறந்து டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் பக்கத்தில் இருந்த சின்ன முக்கோணத்தை அழுத்தினேன், உள்ளே ஒரே ஒரு வரி: மைக்ரோசாப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர். கார்டு உள்ளேதான் இருந்தது, விசிறிகூட சுற்றிக்கொண்டிருந்தது, டிரைவரை மட்டும் யாருமே போடவில்லை. நீங்களும் முதலில் அங்கே பாருங்கள். அந்த வரி இருந்தால் தயாரிப்பாளரின் தளத்தில் இருந்து டிரைவரை இறக்கிப் போட்டால் முடிந்தது.

அங்கே கார்டின் பெயர் சரியாக இருந்தும் ஜிடிஐ ஜெனரிக் வருகிறதென்றால், நீங்கள் அந்த கம்ப்யூட்டரை ரிமோட் டெஸ்க்டாப் வழியாகத் திறந்திருக்கிறீர்களா என்று யோசியுங்கள். பல வேளைகளில் ரிமோட் இணைப்பில் கார்டின் ஓப்பன்ஜிஎல் கிடைக்காமல் இந்த 1.1தான் கிடைக்கும், நேரில் உட்கார்ந்து திறந்தால் சரியாக இருக்கும். இன்னொரு அபூர்வமான காரணமும் உண்டு: கார்டால் வேகப்படுத்த முடியாத ஒரு பிக்சல் ஃபார்மேட்டை (ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் சேமிக்கும் முறை) சாப்ட்வேரே கேட்டிருந்தால் விண்டோஸ் தன் சொந்த ஆளிடம் வேலையைக் கொடுத்துவிடும். அது எழுதியவர் திருத்த வேண்டிய பிழை, உங்களால் ஆவது ஒன்றுமில்லை.

லினக்ஸ் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: உங்கள் பக்கம் இதே நிலைமைக்கு எல்எல்விஎம்பைப் என்று பெயர் வரும். அதுவும் பிராசஸர் வரைவதுதான், ஆனால் 4.5 என்று வெர்ஷன் சொல்லும் அளவுக்குக் கெட்டிக்காரத்தனமானது. அதனால் எண்ணை மட்டும் பார்த்து நிம்மதி அடையாமல் பெயரையும் பாருங்கள்.

கேள்வி: டிஎக்ஸ்டயக் ஓட்டிப் பார்த்தேன், "டைரக்ட்எக்ஸ் 12" என்று தெளிவாக இருக்கிறது. கேமோ "டிஎக்ஸ்11 ஃபீச்சர் லெவல் 10.0 தேவை" என்கிறது. பன்னிரண்டு இருக்கும் இடத்தில் பத்து இல்லை என்றால் என்ன கணக்கு? கார்டு, அண்ணன் தந்த பழைய ஜீஃபோர்ஸ் 7300. (பிளஸ் டூ மாணவர்)

இந்தக் குழப்பத்துக்கு நீங்கள் காரணம் இல்லை, இரண்டு வேறு விஷயங்களுக்கு ஒரே மாதிரி எண் போட்டதுதான் காரணம். டிஎக்ஸ்டயக் என்ற விண்டோஸ் சோதனைக் கருவியின் முதல் பக்கத்தில் வரும் 12, விண்டோஸில் நிறுவியிருக்கும் டைரக்ட்எக்ஸின் (கேம்களுக்கான மைக்ரோசாப்டின் நிரல் தொகுப்பு) எண். கார்டே இல்லாத கம்ப்யூட்டரிலும் விண்டோஸ் 10 அதைத்தான் காட்டும். அப்படியே பக்கத்தில் இருக்கும் டிஸ்ப்ளே டேபுக்குப் போங்கள், வலது பக்கம் ஃபீச்சர் லெவல்ஸ் என்று ஒரு வரி இருக்கும். உங்களுக்கு அங்கே 9_3, 9_2, 9_1 என்று மட்டும் இருக்கும். கேம் கேட்பது 10_0. அந்த வரிதான் டிரைவர் கார்டைப் பற்றிச் சொல்லும் பதில்.

இந்த லெவல் முறை ஏன் வந்தது என்பது சுவாரசியமான கதை. டைரக்ட்எக்ஸில் படம் வரையும் பகுதிக்கு டைரக்ட்3டி என்று பெயர். டைரக்ட்3டி 9 காலத்தில் கேம், டிரைவரிடம் டிவைஸ் கேப்ஸ் என்ற நீண்ட படிவத்தைக் கேட்டு வாங்கும். அதிகபட்ச டெக்ஸ்சர் அகலம் எவ்வளவு, பிக்சல் ஷேடர் (ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் கணக்கிடும் சிறு நிரல்) எந்த வெர்ஷன், இந்தக் கலவை முறை உண்டா, அந்த வடிகட்டி உண்டா என்று நூற்றுக்கணக்கான ஆம், இல்லைகள். ஒரு கம்பெனி கார்டில் இது இருக்கும், அது இருக்காது. இன்னொரு கம்பெனியில் தலைகீழ். எத்தனை விதச் சேர்க்கை என்று எண்ணிப் பாருங்கள், கேம் எழுதுகிறவர்கள் ஒவ்வொன்றுக்கும் தனிப் பாதை எழுதி, அந்தந்த கார்டை வாங்கி வைத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். விஸ்டாவோடு வந்த டைரக்ட்3டி 10 அந்தப் படிவத்தையே ஏறக்குறைய தூக்கி எறிந்தது: 10 என்று சொல்லிக்கொண்டால் எல்லாம் இருக்க வேண்டும், பேரமே இல்லை. ஆனால் அப்படிச் செய்ததும் பழைய கார்டுகள் மொத்தமாக வெளியே நின்றன. அதனால் 2009இல் விண்டோஸ் 7 உடன் வந்த டைரக்ட்3டி 11, லெவல் என்ற படிக்கட்டைக் கொண்டுவந்தது. நிரல் 11இல் எழுதியிருக்கலாம், கார்டு எந்தப் படியில் நிற்கிறதோ அந்தப் படிக்கு உரிய அம்சங்கள் முழுசாகக் கிடைக்கும் என்பது உறுதி.

கேம் இதை எப்படிக் கேட்கிறது என்றால், 11_0, 10_1, 10_0 என்று தனக்கு ஒத்துவரும் லெவல்களை மேலிருந்து கீழாக ஒரு பட்டியல் போட்டு டிவைஸ் உருவாக்கும் பங்ஷனிடம் கொடுக்கும். டிரைவரால் முடிந்த முதல் லெவலில் டிவைஸ் திரும்பி வரும். எதுவும் ஒத்துவரவில்லை என்றால் தோல்வி, நீங்கள் பார்த்த வாசகம். அந்தக் கடைசிப் படியும் உங்கள் கார்டுக்கு எட்டாது, இதில் டிரைவரை மாற்றிப் பயனில்லை. சும்மா நாட்களை வீணாக்க வேண்டாம், கொஞ்சம் புதிய கார்டு ஒன்று செகண்ட் ஹேண்டில் பாருங்கள்.

ஆனால் புதிய கார்டு வைத்திருப்பவர்களுக்கும் இதே வாசகம் வந்தால் அது டிரைவர் கெட்டுப்போனதன் அடையாளமாக இருக்கலாம், அவர்கள் மறுபடி டிரைவர் போட்டுப் பார்க்க வேண்டும்.

புரோகிராம் எழுதும் வாசகர்களுக்குச் சின்னக் குறிப்பு. அந்தப் பட்டியலைக் கொடுக்காமல் விட்டால் 11_0இல் இருந்துதான் முயற்சி தொடங்கும், 11_1 வேண்டுமானால் நீங்களே எழுதியாக வேண்டும். எழுதிவிட்டு, அப்டேட் ஆகாத பழைய விண்டோஸ் 7இல் ஓட்டினால் அடுத்த படிக்கு இறங்காமல் மொத்த அழைப்பும் பிழையோடு திரும்பும். அதைப் பிடித்து, 11_1 இல்லாத பட்டியலோடு மறுபடி கூப்பிட வேண்டும்.

கேள்வி: நான் ஓப்பன்ஜிஎல் கற்றுக்கொள்கிறேன். எக்ஸ்டென்ஷன் இருக்கிறதா என்று பார்க்க, டிரைவர் தரும் எழுத்தில் ஸ்ட்ர்ஸ்ட்ர் (ஒரு எழுத்துத் தொடருக்குள் இன்னொன்றைத் தேடும் சி மொழி பங்ஷன்) வைத்துத் தேடுகிறேன். சில இயந்திரங்களில் இல்லாததை இருக்கிறது என்கிறது, சிலவற்றில் புரோகிராமே விழுந்துவிடுகிறது. (பொறியியல் கல்லூரி மாணவி)

இரண்டும் தனித்தனிப் பிழைகள், இரண்டுமே பழம்பெரும் பிழைகள்.

இல்லாதது இருக்கிறது என்று வருவது: எக்ஸ்ட் டெக்ஸ்சர் என்று ஒரு எக்ஸ்டென்ஷன் இருக்கிறது, எக்ஸ்ட் டெக்ஸ்சர்3டி என்றும் ஒன்று இருக்கிறது. முன்னதைத் தேடினால் பின்னதற்குள்ளேயே அது கிடைத்துவிடும். முழுப் பெயரும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும்.

விழுந்துவிடுவது: ஓப்பன்ஜிஎல் 3.0இல் இருந்து, எக்ஸ்டென்ஷன் எத்தனை என்று முதலில் எண்ணிக்கை கேட்டு, ஜிஎல் கெட் ஸ்ட்ரிங் ஐ என்ற பங்ஷனில் ஒவ்வொன்றாகப் பெயர் வாங்கும் முறை வந்துவிட்டது. கோர் புரொபைலில் பழைய முறையை எடுத்தே விட்டார்கள், அங்கே அந்த நீண்ட எழுத்தைக் கேட்டால் வெற்றுச் சுட்டிதான் (எந்த இடத்தையும் காட்டாத முகவரி) வரும். அதைக் கொண்டுபோய் ஸ்ட்ர்ஸ்ட்ரிடம் கொடுத்தால் விழாமல் என்ன செய்யும்?

அந்த நீண்ட எழுத்து உங்களுக்கு முன்னால் பல பேரை வீழ்த்தியிருக்கிறது. பழைய கேம்கள் சில, டிரைவர் தரும் பட்டியலை ஒரு குறிப்பிட்ட அளவுள்ள அரேயில் நகல் எடுத்து வைத்தன. எழுதிய காலத்தில் அந்த அளவு தாராளம். வருடங்கள் போகப் போக டிரைவர்கள் புதிய எக்ஸ்டென்ஷன்களைச் சேர்த்துக்கொண்டே வர, பட்டியல் அரேயைத் தாண்டி வழிந்து கேம் விழுந்தது. கார்டு நன்றாக ஆக ஆக கேம் ஓடாமல் போனது! மெசாவில் இதற்கென்றே எக்ஸ்டென்ஷன் மேக்ஸ் இயர் என்று ஒரு சூழல் மாறி வைத்திருக்கிறார்கள். அதில் 2002 என்று கொடுத்தால் அதற்குப் பிறகு பிறந்த எக்ஸ்டென்ஷன்களை டிரைவர் சொல்லாமல் மறைத்துக்கொள்ளும். குவேக் 3 போன்ற கேம்களுக்காகச் செய்த ஏற்பாடு. ஒரு பழைய கேம் இன்றும் ஓட வேண்டும் என்று யாரோ அக்கறையோடு உட்கார்ந்து எழுதிய அந்தச் சில வரிகள் எனக்கு மிகவும் பிடிக்கும்.

இன்னொன்று, பங்ஷனின் முகவரி கிடைத்துவிட்டால் அம்சம் இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். லினக்ஸில் ஜிஎல்எக்ஸிடம் முகவரி கேட்டால், அந்தப் பெயரே இல்லாத பங்ஷனுக்குக்கூட வெற்றில்லாத ஒரு முகவரி வரலாம். முதலில் வெர்ஷன் அல்லது எக்ஸ்டென்ஷன், அது இருந்தால் மட்டும் முகவரி.

கேள்வி: மூன்றாம் தலைமுறை ஐ5 லேப்டாப், லினக்ஸ். வல்கன் இன்ஃபோ ஓட்டினால் கார்டின் பெயர் வருகிறது, கூடவே "ஐவி பிரிட்ஜ் வல்கன் ஆதரவு முழுமையானதல்ல" என்று ஒரு எச்சரிக்கை. வல்கன் இருக்கிறதா, இல்லையா? (தனியார் நிறுவன ஊழியர்)

இருக்கிறது, ஆனால் அந்த எச்சரிக்கையை டிரைவர் எழுதியவர்களே மனசாட்சியோடு போட்டிருக்கிறார்கள், அதை நம்புங்கள். ஐவி பிரிட்ஜ் என்பது உங்கள் மூன்றாம் தலைமுறை பிராசஸரின் குறிப்பெயர். அதில் இருக்கும் எச்டி 4000 கிராபிக்ஸ் சிப் 2012இல் வந்தது, ஓப்பன்ஜிஎல் போல இன்னொரு கிராபிக்ஸ் ஒப்பந்தமான வல்கன் 2016 பிப்ரவரியில் வந்தது. வல்கன் கட்டாயம் என்று சொல்லும் சிலவற்றை அந்த சிப்பில் முழுமையாகச் செய்ய முடியவில்லை. சின்ன புரோகிராம்கள் ஓடலாம், பெரிய கேம்களை எதிர்பார்க்காதீர்கள்.

வல்கனில் கேட்கும் முறையே மாறிவிட்டது, அதைச் சொன்னால் நீங்கள் பார்த்தது புரியும். இங்கே நடுவில் லோடர் என்று ஒருவர் இருக்கிறார். லினக்ஸில் ஒவ்வொரு டிரைவரும் ஒரு சின்ன ஜேசன் கோப்பை குறிப்பிட்ட ஃபோல்டரில் வைத்துவிடும், திறந்து பார்த்தால் நாலைந்து வரிதான்: என் லைப்ரரி இங்கே இருக்கிறது, நான் இந்த வெர்ஷன். லோடர் அந்த ஃபோல்டரைப் படித்து, எல்லா டிரைவரையும் ஏற்றி, கிடைத்த எல்லா சாதனங்களையும் பட்டியலாகத் தரும். அதனால் ஒரே கார்டு இரண்டு டிரைவர் வழியாக இரண்டு முறையும் வரலாம், லாவாபைப் என்ற பெயரில் உங்கள் பிராசஸரே ஒரு கிராபிக்ஸ் சாதனமாகவும் வரலாம். பட்டியலில் முதலாவதை எடுத்துக்கொள்ளும் சோம்பேறி புரோகிராம்கள் அதில் மாட்டிக்கொண்டு ஊர்ந்து ஓடும்.

அப்புறம் ஒவ்வொரு சாதனத்திடமும் பண்புகள், வரம்புகள், அம்சங்கள், எக்ஸ்டென்ஷன்கள் என்று தனித்தனியே கேட்க வேண்டும். இருக்கிறது என்று டிரைவர் சொன்னாலும், டிவைஸ் உருவாக்கும்போது "இது எனக்கு வேண்டும்" என்று பெயர் சொல்லி இயக்கிக்கொண்டால்தான் பயன்படுத்தலாம். ஓப்பன்ஜிஎல்லில் இருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் இது.

வெர்ஷன்கூட எழுத்தாக வராது, ஒரே எண்ணுக்குள் பிட்டுகளாக அடுக்கி வரும். 1.2.0 என்பது 4202496 என்று தெரியும். டிரைவரின் சொந்த வெர்ஷனையும் இதே போலப் பிரித்துப் படிக்கலாம் என்று நினைத்துவிடாதீர்கள், என்விடியா அதைத் தன் சொந்தக் கணக்கில் அடுக்குகிறது, வல்கன் கணக்கில் பிரித்தால் சம்பந்தமில்லாத எண் வரும்.

கேள்வி: என் ஆண்ட்ராய்டு கேம் பிளே ஸ்டோரில் பல போன்களுக்குக் கண்ணிலேயே படவில்லை. (மொபைல் கேம் எழுதுகிறவர்)

நீங்கள் அனுப்பிய மேனிஃபெஸ்ட் கோப்பை (ஆப் தனக்கு என்ன தேவை என்று அறிவிக்கும் கோப்பு) பார்த்தேன். அதில் ஜிஎல் இஎஸ் (போன்களுக்கான ஓப்பன்ஜிஎல்) வெர்ஷன் என்ற இடத்தில் 3.2 கட்டாயம் என்று இருக்கிறது. பிளே ஸ்டோர் அதைப் படித்து, 3.0, 3.1 என்று சொல்லும் போன்களுக்கு உங்கள் கேமைக் காட்டாமலே விட்டுவிடும். உங்கள் ஷேடர்களில் 3.0க்கு மேல் தேவைப்படும் வரி ஒன்றையும் நான் காணவில்லை, 3.0 என்று மாற்றி ஏற்றுங்கள்.

சோதிக்கக் கையில் இருக்கும் போனை கம்ப்யூட்டரில் இணைத்து, ஏடிபி (கம்ப்யூட்டரில் இருந்து போனுக்குக் கட்டளை அனுப்பும் கருவி) வழியாக ஓப்பன்ஜிஎல் இஎஸ் வெர்ஷன் பிராப்பர்ட்டியைக் கேட்டால் 196610 போல ஒரு எண் வரும். அதை 65536ஆல் வகுங்கள், ஈவு 3, மீதி 2, அதாவது 3.2. உங்களுக்கு 196608 காட்டும் போன் ஒன்று வேண்டும், அதில் கேம் முழுசாக ஓடிவிட்டால் தைரியமாக ஏற்றலாம்.